நிறத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

1

வண்ணத்தில் எடுத்த புகைப்படத்தைக் கணினியில் கறுப்பு வெள்ளையாக மாற்ற ஒரு நொடி போதும். செல்போனில் விரலால் ஒரு தேய்ப்பு தேய்த்தால் ஆச்சு. இவ்வளவு சுலபமான காரியத்தில் அறம் சார்ந்த கேள்வி என்ன இருந்துவிடப் போகிறது என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. ‘படம் நல்லா வந்திருக்கா, அதப் பாருங்க தோழர்’ என்பார்கள். யாருக்கு நல்லா வந்திருக்கு? யாருடைய உடம்பை வைத்து நல்லா வந்திருக்கு? இதைக் கேட்காமல் நகர முடியாது என்பதால்தான் எழுதுகிறேன்.

சிறுபத்திரிகைகளுக்கும், உண்மையறியும் குழுக்களின் அறிக்கைகளுக்கும், நினைவுநாள் சுவரொட்டிகளுக்கும் படங்களைச் சரிசெய்து கொடுக்கிற வேலையைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். என்னிடம் வரும் படங்களில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. கல்யாணம், கட்சி மாநாடு, புத்தக வெளியீடு என்றால் வண்ணத்தில் வரும். சேரி, மலக்குழி, எரிந்த குடிசை, மகனைப் பறிகொடுத்த தாய் என்றால் கறுப்பு வெள்ளையில் வரும். பல சமயம் இரண்டையும் எடுத்தது ஒரே கேமரா, ஒரே ஆள். இரண்டிலும் பதிவானது வண்ணம்தான். பிறகு ஒருவர் உட்கார்ந்து யோசித்து, ‘இதுக்குக் கலர் வேணாம்’ என்று முடிவெடுத்திருக்கிறார். நாம் பேச வேண்டியது அந்த முடிவைப் பற்றி.

2

‘கறுப்பு வெள்ளைதான் உண்மை, வண்ணம் கண்ணை ஏமாற்றும்’ என்றொரு பேச்சு கலைஞர்கள் மத்தியில் உண்டு. இதற்குத் தொழில்நுட்ப ஆதாரம்கூடக் காட்டலாம். டிஜிட்டல் கேமராவின் சென்சாருக்கு நிறம் தெரியாது. அதிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் தன்மேல் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்பதை மட்டுமே அளக்கும். கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டின்படி, அந்தப் புள்ளிகளின்மேல் நுண்ணிய வண்ண வடிகட்டிகளைப் பதிக்கிறார்கள். பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, கால்வாசிக்கு நீலம். பக்கத்துப் புள்ளிகளோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டுத்தான் நாம் பார்க்கும் வண்ணம் உண்டாகிறது. ஆக வண்ணமும் ஒரு கட்டுமானமே. இதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்த வண்ணத்தை நீக்குவதும் கணக்குதான். பரவலாக உள்ள ஒரு சூத்திரத்தில் பச்சைக்கு 100க்கு 59 பங்கு, சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11. மனிதக் கண் பச்சையை அதிகப் பிரகாசமாகவும் நீலத்தை மங்கலாகவும் உணர்கிறது என்பது காரணம். சரிதான். விளைவைப் பாருங்கள். அடர்நீலம் கறுப்புக்குப் பக்கத்தில் போய் விழுந்துவிடும். 1942இல் அம்பேத்கர் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பிலிருந்து நம்மோடு வருகிற கொடி நீலம். ஊர் முனையில் கம்பிக் கூண்டுக்குள் நிற்கிற சிலையின் கோட்டு நீலம். ஒரு ஊர்வலப் படத்தின் நிறத்தை அந்தச் சூத்திரத்தின்படி உருவிவிட்டால், வந்தது நீலக்கொடியா, வேறு எவருடைய கொடியா என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. சூத்திரத்தில் சதி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எதற்கு எவ்வளவு எடை என்பதை எவரோ முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார், நாம் அதைக் கேள்வி கேட்காமல் அச்சுக்கு அனுப்புகிறோம் என்கிறேன்.

இது கணினி தானாகச் செய்வது. கையால் செய்வதில் விஷயம் இன்னும் கூர்மையாகிறது. 2007இல் வந்த ஃபோட்டோஷாப் சிஎஸ்3இலிருந்து கறுப்பு வெள்ளைக்கென்றே ஒரு தனிக் கருவி இருக்கிறது. அதில் ஆறு நிறங்களுக்கு ஆறு நகர்த்திகள். லைட்ரூமில் எட்டு. எந்த நிறம் சாம்பலில் எவ்வளவு வெளுக்க வேண்டும், எவ்வளவு கறுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லலாம். மனிதத் தோல் கறுத்ததோ வெளுத்ததோ, பெரும்பாலும் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஆரஞ்சுப் பகுதியில்தான் விழும். ஆரஞ்சு நகர்த்தியை வலப்பக்கம் தள்ளினால் முகம் வெளுக்கும். இடப்பக்கம் இழுத்தால் இருண்டுபோகும். அதே ஆள், அதே வெயில், அதே படம்.

இதில் இரண்டு சமையல் குறிப்புகள் புழக்கத்தில் இருப்பதைப் பார்க்கிறேன். பிரமுகர், நடிகை, எழுத்தாளர் என்றால்: ஆரஞ்சை ஏற்று, ‘கிளாரிட்டி’யை இறக்கு. தோல் வழவழவென்று வரும். கூலிக்காரர், துப்புரவுத் தொழிலாளி, ஆதிவாசி என்றால்: ஆரஞ்சை இறக்கு, ‘கிளாரிட்டி’யை ஏற்று. ஒவ்வொரு சுருக்கமும் வாய்க்கால் மாதிரி தெரியும். வியர்வை மின்னும். கண்ணின் வெள்ளை மட்டும் இருட்டிலிருந்து முறைக்கும். நாற்பது வயசுக்காரி அறுபது வயசுக் கிழவியாகிவிடுவாள். இந்த இரண்டாவது குறிப்புக்குத்தான் ‘யதார்த்தம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! ஒரு உடம்புக்கு வறுமையைக் கூடுதலாகப் பூசுவது எப்படி யதார்த்தமாகும்?

3

படத்தில் தோலை இருட்டாக்குவதற்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த தருணம் ஒன்று உண்டு. 1994 ஜூன் 27 தேதியிட்ட டைம் இதழ், கொலைக் குற்றம் சாட்டப்பட்டிருந்த கறுப்பின விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்ப்சனின் போலீஸ் படத்தைக் கருமையாக்கி அட்டையில் போட்டது. அதே வாரம் நியூஸ்வீக் அதே படத்தை அப்படியே போட்டது. கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. எதிர்ப்பு கிளம்பியது. ஒருவரைக் கூடுதல் குற்றவாளியாக்க அவரைக் கூடுதல் கறுப்பாக்கினால் போதும் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அப்போது எழுந்தது. நம் ஊரில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டுப் பார்க்கிற வாய்ப்பே நமக்குக் கிடைப்பதில்லை.

படச்சுருளுக்கும் வரலாறு உண்டு. கோடாக் நிறுவனம் ஸ்டுடியோக்களுக்கு அனுப்பிய ‘ஷர்லி’ அட்டையில் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம் இருந்தது. அந்த முகம் சரியாக வந்தால் வண்ணம் சரி. பல பத்தாண்டுகள் அதுவே அளவுகோல். கருந்தோல் அதில் விவரமில்லாத கரித்துண்டாக வந்தது. கனடா ஆய்வாளர் லோர்னா ராத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். படச்சுருளில் பழுப்பு நிறங்கள் மேம்பட்டதற்கு மரச்சாமான், சாக்லெட் விளம்பரக்காரர்களின் புகாரும் ஒரு காரணமாம். மனுசனைவிட மேசைக்கு மரியாதை.

நம்மை முதலில் படம் பிடித்தவர்களும் நம்மைப் பார்க்க வந்தவர்கள் இல்லை, அளக்க வந்தவர்கள். 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக லண்டனில் வெளியான ‘இந்திய மக்கள்’, சாதிகளையும் குடிகளையும் மாதிரிகளாக நிறுத்திப் படம் எடுத்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தார், 1909இல் ஏழு தொகுதி போட்டார். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாய்க் கிடந்தவர்களைக் குழுவாக உட்கார வைத்துப் படமெடுத்தார் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி. இதே ஹூப்பர்தான் 1886இல் பர்மாவில், சுட்டுக் கொல்லப்பட நின்றவர்களைக் குண்டு பாயும் கணத்தில் படமெடுக்கப் பார்த்து விசாரணைக்கு ஆளானார். அன்றைக்கு வண்ணம் கிடையாது, அதனால் கறுப்பு வெள்ளை. இன்றைக்கு வண்ணம் இருந்தும் அதே சாயலை வேண்டித் திரும்பிப் போகிறவர், அந்த ஆவணக் கிடங்கின் பார்வையையும் சேர்த்தே இரவல் வாங்குகிறார் என்பதை உணர வேண்டும்.

பிரேசிலின் செபாஸ்தியோ சால்கடோவை எடுத்துக்கொள்வோம். 1986இல் செர்ரா பெலாதா தங்கச் சுரங்கத்தில் சேறு மூட்டைகளோடு ஏணியேறும் ஆயிரக்கணக்கான மனிதர்களை எடுத்தவர். பார்த்தால் மறக்க முடியாத படங்கள்தான். 1991இலேயே நியூயார்க்கர் இதழில் இங்ரிட் சிஷி, துயரத்தை இப்படி அழகாக்குவது பார்க்கிறவரை மெய்மறக்க வைக்குமே தவிரச் செயல்பட வைக்காது என்ற பொருளில் கடுமையாக எழுதினார். பிற்காலத்தில் சால்கடோ டிஜிட்டலுக்கு மாறினார். மாறியும், பழைய டிரை-எக்ஸ் படச்சுருளின் மணலையும் சாம்பலையும் மென்பொருளால் வரவழைத்தார். 2025இல் இறக்கும் வரை வண்ணத்தைத் தள்ளியே வைத்திருந்தார். வண்ணம் கவனத்தைக் கலைக்கும் என்பது இந்த மரபில் வருகிறவர்களின் வாதம்.

எதிலிருந்து எதற்குக் கவனம் கலைகிறது? இதற்கு எனக்குத் தெரிந்து நல்ல பதிலைச் சொன்னவர் ஒரு துப்புரவுத் தொழிலாளி. பெயரும் ஊரும் வேண்டாம். நகரத்து மண்டபம் ஒன்றில் நடந்த கண்காட்சியில் அவர் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். கூட்டிப் போயிருந்தோம். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, படமெடுத்தவரிடம் கேட்டார்: ‘ஏந் தம்பி, இது நாந்தானா? அன்னிக்கிக் கட்டியிருந்தது பச்சச் சேல. மொத மாச சம்பளத்துல எம் பொண்ணு எடுத்துக் குடுத்தது. அத ஏன் சாம்பலாக்கிட்ட? செத்தவங்க படத்துக்கு மால போடற மாதிரி இருக்கே.’

‘கலர் இருந்தா கவனம் சேலைக்குப் போயிடும்மா. உங்க முகத்தப் பாக்கணும்ல’ என்றார் அவர்.

‘போவட்டுமே தம்பி. மூஞ்சிய எத்தினி நாளு பாப்பாங்க? சேலையத்தான் செத்த பாக்கட்டுமே.’

அழகியல் பற்றிய ஒரு கருத்தரங்கில் கேட்டிருக்க வேண்டிய பேச்சு இது. அந்தச் சேலையில் மகளுக்குக் கிடைத்த வேலை இருந்தது. வேறு தொழிலுக்குப் போன ஒரு தலைமுறை இருந்தது. ஆசை இருந்தது. ‘முகம்’ வேண்டும் என்று கேட்கிற கலை, அந்த முகத்தில் துயரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழுவிவிடுகிறது. துயரப்படுகிறவருக்கு விருப்பமும் உண்டு என்று தெரிந்தால் பார்வையாளரின் இரக்கம் குறைந்துவிடுமோ என்று பயம்.

4

கறுப்பு வெள்ளை செய்கிற இன்னொரு வேலை காலத்தைப் பின்னால் தள்ளுவது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்துக் கொன்றார்கள். அந்தக் காலத்துப் பத்திரிகை அச்சு கறுப்பு வெள்ளை, ஆகவே நம் நினைவில் வெண்மணியும் கறுப்பு வெள்ளை. இது பழகிப்போனதால், எந்தக் கொடுமையைச் சாம்பலில் பார்த்தாலும் ‘அந்தக் காலத்துல அப்படி இருந்தது’ என்று ஒரு சௌகரியம் வந்துவிடுகிறது. போன மாதம் எரிந்த வீட்டின் படத்தை இப்படி மாற்றிப் போட்டால், குற்றம் செய்தவர் தெருவில் நடமாடிக்கொண்டிருக்கும்போதே குற்றத்தை வரலாற்றுக்கு அனுப்பிவிடுகிறோம்.

கார்டன் பார்க்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர் இதற்கு எதிர்த்திசையில் போனார். 1956இல் லைஃப் பத்திரிகைக்காக அலபாமா போனபோது வண்ணத்தில் எடுத்தார். மொபீல் நகரத்தில் ஒரு கடை வாசல். நேர்த்தியாக உடுத்திய ஒரு பெண்ணும் சிறுமியும் நிற்கிறார்கள். தலைக்குமேல் சிவப்பு நியான் எழுத்தில் ‘நிறத்தவர் நுழைவாயில்’. பார்த்தால் நேற்று எடுத்த மாதிரி இருக்கிறது. சட்டை, செருப்பு, சுவர் எல்லாம் நமக்குத் தெரிந்த உலகம். அதில் அந்தப் பலகை மட்டும் உறுத்துகிறது. மக்களை ‘நிறத்தவர்’ என்று ஒதுக்கிய நாட்டில் நிறத்தை மறைக்காமல் காட்டுவதே சாட்சியம் என்று அந்தப் படத்தை நான் வாசிக்கிறேன்.

நம் நாட்டில் நிறம் இன்னும் நேரடியான சாட்சியம். 2019இல் தமிழகப் பள்ளிக் கல்வித்துறையின் சுற்றறிக்கை ஒன்று, மாணவர்கள் சாதியைக் காட்ட சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று கையில் கயிறு கட்டுவதைப் பற்றிப் பேசியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. இப்போது ஒரு பள்ளிக்கூட முற்றத்தைப் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். எல்லாக் கயிறும் ஒரே சாம்பல். பிள்ளைகள் தோளில் கைபோட்டு நிற்கிறார்கள், எவ்வளவு அழகான சமத்துவம்! சாதி ஒழிந்துவிட்டது, ஒரு நகர்த்தியில்.

கொடிக்கம்பத்திலும் மின்கம்பத்திலும் பூசிய சாதி வண்ணத்துக்கும் இதே கதிதான். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். அந்தத் தண்ணீரைச் சாம்பலில் காட்டினால் அது வெறும் தண்ணீர்.

5

எதிர்வாதங்களைப் பார்ப்போம். முதலாவது, நம் தரப்பிலிருந்தே வருவது. வெட்டுப்பட்ட உடம்பை ரத்தச் சிவப்பில் போட்டு விற்கிறார்களே, அதைவிடச் சாம்பல் கண்ணியம் இல்லையா? இது கனமான வாதம். பிணத்தை வேடிக்கைப் பொருளாக்குவதை நானும் எதிர்க்கிறேன். ஆனால் அந்த இடத்தில் கேட்க வேண்டியது அந்தப் படம் வேண்டுமா என்பதே. நிறத்தை மட்டும் எடுத்துவிட்டு உடம்பை அப்படியே விரித்துப் போடுவது, கண்ணியத்தைக் காப்பாற்றிவிட்டதாகப் போட்டவரை நம்பவைக்குமே ஒழிய, செத்தவருக்கு ஒன்றும் செய்யாது.

இரண்டாவது, வண்ணம் மட்டும் யோக்கியமா என்பது. யோக்கியம் இல்லைதான். செல்போன் கேமரா கேட்காமலே முகத்தை வெளுக்கிறது. கல்யாண ஸ்டுடியோவில் பெண்ணுக்கு இரண்டு படி நிறம் ஏற்றிக் கொடுக்கிறார்கள். காலண்டர் அம்பேத்கர் ரோஜா நிறத்தில் சிரிக்கிறார். இப்போது பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மென்பொருளே வண்ணம் போடுகிறது. 1956 நாக்பூர் தீட்சைப் படத்தில் அவர் தோலுக்கு அது போடுகிற நிறம் வெறும் ஊகம். ஏற்கனவே பார்த்த படங்களை வைத்து ஊகிக்கிறது. அந்தப் படங்களில் நாம் எத்தனை பேர் இருந்தோம்? ஆகவே ‘வண்ணம் உண்மை, கறுப்பு வெள்ளை பொய்’ என்று நான் ஒரு புதுக் கோட்பாடு கட்ட வரவில்லை.

மூன்றாவது, தோல் நிறத்தைப் பேசுவது சாதியை இனமாகச் சுருக்கிவிடாதா என்பது. வர்ணம் என்ற சொல்லுக்கே நிறம் என்றுதான் பொருள். ஆனாலும் தீண்டாமைக்கு இன வேறுபாடு மூலகாரணம் என்ற வாதத்தை அம்பேத்கர் 1948இல் வெளிவந்த ‘தீண்டப்படாதவர்கள்’ நூலில் மறுத்தார். கறுத்த ஆதிக்க சாதிக்காரரும் உண்டு, வெளுத்த தலித்தும் உண்டு. அதனால்தான் சொல்கிறேன், ஒரு தலித் உடம்பைப் படத்தில் இருட்டாக்குவது தகவல் பிழை மட்டுமில்லை. சாதியை உடம்பிலேயே பார்த்துவிடலாம் என்ற நம்பிக்கையை அது திரும்ப உற்பத்தி செய்கிறது. தர்ஸ்டனின் அளவுகோல் இப்போது நகர்த்தியாக வந்திருக்கிறது.

செய்தி நிறுவனங்களின் விதிகள் இங்கே உதவாது. அசோசியேட்டட் பிரஸ்ஸின் நெறிமுறை, படத்தை வெட்டுவது, தூசி நீக்குவது இவற்றோடு சாம்பலாக மாற்றுவதையும் சிறு திருத்தங்களின் வரிசையில் அனுமதிக்கிறது. தூசியைத் துடைப்பதும் பச்சைச் சேலையைத் துடைப்பதும் அவர்களுக்கு ஒன்று. எதையும் புதிதாகச் சேர்க்காததால் பொய் இல்லை என்பது அவர்களின் அறம். எடுத்துவிடுவதாலும் பொய் சொல்லலாம் என்பது பாடப் புத்தகத்திலிருந்தும் கல்வெட்டிலிருந்தும் ஊர் வரைபடத்திலிருந்தும் எடுத்துவிடப்பட்ட நமக்குத் தெரியும்.

6

அப்படியானால் கறுப்பு வெள்ளையே கூடாதா? நானே செய்கிறேன், இனியும் செய்வேன். ஒற்றை வண்ண மையில் அச்சாகும் பத்திரிகைக்கு வேறு வழியில்லை. அதில்கூட நீலக்கொடி கறுப்பில் மூழ்காமல் தனித்துத் தெரியும்படி நீல நகர்த்தியை ஏற்றி வைக்க முடியும். கறுத்த முகத்தை வெளுக்காமல், கரியாக்காமல், அதன் மினுமினுப்போடு வைக்க முடியும். கருவி அதற்கும் இடம் கொடுக்கிறது. நகர்த்தியைத் தொடுகிற கைக்கு அரசியல் வேண்டும், அவ்வளவுதான்.

என் வேலையில் சில பழக்கங்களை வைத்திருக்கிறேன், உங்கள் விவாதத்துக்கு வைக்கிறேன். வண்ண மூலத்தை ஒருபோதும் அழிப்பதில்லை. நிறத்தை நீக்கியது நாங்கள் என்று படத்தடியில் எழுதுகிறோம். ஒரு இதழில் மந்திரிக்கு வண்ணம் என்றால் மலக்குழிக்குப் பக்கத்தில் நிற்பவருக்கும் வண்ணம்தான். இவரைச் சாம்பலாக்கினால் அவரையும் ஆக்குவோம். முடிந்த இடத்தில் எல்லாம் படத்தில் இருப்பவரிடம் இரண்டு வடிவத்தையும் காட்டி எது வேண்டும் என்று கேட்கிறோம். பெரும்பாலும் வண்ணத்தைத்தான் தொடுகிறார்கள். சிலர் கறுப்பு வெள்ளையைத் தொடுவார்கள், ‘பழைய சினிமா மாதிரி இருக்கு’ என்று சிரித்துக்கொண்டே. அதுவும் சரி. அது அவர்கள் முடிவு.

1990களில் தலித் விவாதங்களைத் தமிழில் முன்னெடுத்த ஒரு பத்திரிகை ‘நிறப்பிரிகை’ என்று பெயர் வைத்துக்கொண்டது. வெள்ளை என்று ஒன்றாகத் தெரிகிற ஒளிக்குள் எத்தனை நிறம் என்று பிரித்துக் காட்டுவது நிறப்பிரிகை. நம் படங்களில் நடப்பது இதற்குத் தலைகீழான காரியம். இருக்கிற நிறங்களையெல்லாம் சேர்த்துப் பிசைந்து சாம்பலாக்கி, அதற்குக் கலை என்று பெயர் கொடுக்கிறார்கள். இளைய தோழர்கள் கையில் இன்று கேமரா இருக்கிறது, கருவியும் இருக்கிறது. தங்கள் தெருவைத் தாங்களே எடுக்கிறார்கள். நிறத்தை எடுப்பதற்கு முன்னால், எதை எடுக்கிறோம், யாரைக் கேட்டு எடுக்கிறோம் என்று ஒரு நிமிடம் நிற்கச் சொல்வதைத் தவிர அவர்களுக்குச் சொல்ல என்னிடம் வேறொன்றும் இல்லை.